சந்தேகமும் சாட்சியமும்

மர்ம நாவல்களைப் பற்றி நம் இல்லங்களில் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். "பொழுதைக் கொல்லும் குப்பை, பிள்ளைகளின் புத்தியைக் கெடுக்கும் நஞ்சு" என்பது ஒரு கட்சி. "அலுப்புத் தீர ஒரு கதை படிக்கிறோம், இதில் மார்க்கம் எங்கே வந்தது?" என்பது மறு கட்சி. முதற்கட்சியில் பெரும்பாலும் அத்தாமார்கள் இருப்பார்கள். மறு கட்சியில் பிள்ளைகள் இருப்பார்கள். பகலெல்லாம் முதற்கட்சியாக விளங்கி, இஷாத் தொழுகைக்குப் பின் மறு கட்சிக்கு மாறிவிடும் பெரியவர்களும் உண்டு என்பது வீட்டுப் பெண்மக்கள் மட்டுமே அறிந்த இரகசியம்.

இவ்விரு கட்சியினரும் பேசுவதைக் கேட்ட அளவுக்கு, அந்நூல்களை உண்மையில் படிப்போர் என்ன எண்ணுகிறார்கள் என்பதை நாம் கேட்டதில்லை. எனவே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் எனக்கு உறவாகவும் நட்பாகவும் உள்ள வாசகர்கள் சிலரிடம் இதுபற்றிச் சில காலமாகவே பேசி வந்தேன். அவர்கள் சொன்னவை என்னைச் சிந்திக்க வைத்தன. அச்சிந்தனையை நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னையின் இம்மேற்குப் பகுதி தொழிற்சாலைச் சங்கொலிக்கு எழுந்து பழகிய பகுதி. ஆவடியில் மக்கள் 'டாங்க் ஃபாக்டரி' என்றே அழைக்கும் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965-இல் வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அதே பத்தாண்டுகளில் வளர்ந்ததுதான். தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்களுள் நம்மவர் குடும்பங்களும் பல. சென்ட்ரலுக்கும் அரக்கோணத்துக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலில் ஒரு காலத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். ஒரு கையில் சோற்றுத் தூக்கு. மறு கையில் மாலைமதியோ, ராணிமுத்துவோ, க்ரைம் நாவலோ, பாக்கெட் நாவலோ. கம்பியைப் பிடித்து நின்றபடியே கொலைகாரனைத் துரத்திக்கொண்டு திருவள்ளூர் வரை போனவர்கள் அவர்கள்.

அப்படிப் போனவர்களுள் ஒருவர், ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். தமிழ்வாணனின் சங்கர்லாலில் தொடங்கி, சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி என ஒரு தலைமுறையின் துப்பறிவாளர் அனைவரையும் தம் சொந்த ஊர்க்காரர்களைப் போல் அறிந்தவர். அவரிடம், "பாய், இத்தனை ஆண்டுகள் படித்தீர்களே, என்ன கிடைத்தது?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "முடிவு கிடைத்தது. நம் வாழ்க்கையில் எந்த விவகாரத்துக்கு முடிவு தெரிகிறது? யார் செய்தது, ஏன் செய்தது என்று எதுவும் தெரிவதில்லை. அந்தப் புத்தகத்தில் மட்டும் கடைசிப் பக்கத்தில் தெரிந்துவிடும். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவேன்."

இரண்டாமவர் அம்பத்தூரில் ஆசிரியையாக இருக்கும் என் உறவுக்காரப் பெண்மணி. அவர் கருத்து இதற்கு நேர் எதிரானது. "கதையை விடுங்கள் காக்கா, அட்டையைப் பாருங்கள். கொல்லப்படுபவள் பெண். அட்டையில் அரைகுறை ஆடையில் நிற்பவளும் பெண். கண்டுபிடித்துப் பெயர் வாங்குபவன் மட்டும் ஆண். செத்துக் கிடப்பவளைக்கூட வர்ணிக்காமல் சில பேருக்குப் பேனா நகர்வதில்லை. இதைப் படித்து வளரும் பையன் பெண்ணை எப்படிப் பார்ப்பான்?" என்று கேட்டார். இக்கேள்விக்கு மறுமொழி சொல்லக்கூடிய மர்ம நாவல் அன்பர் எவரையும் இதுவரை நான் சந்திக்கவில்லை. எனினும் அவரே தொடர்ந்து, "ஆனால் நல்லதாக ஒன்று எழுதியிருந்தால் நானும் முடிக்காமல் கீழே வைப்பதில்லை" என்று சொல்லிச் சிரித்ததையும் மறைக்காமல் எழுதவேண்டும்.

மூன்றாமவர் பூந்தமல்லிப் பக்கத்து மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத். கண்டனத்தை எதிர்பார்த்தே அவரிடம் சென்றேன். அவரோ, "ஸூரத்து யூஸுஃபில் எத்தனை சட்டைகள் வருகின்றன, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். மூன்று. முதற்சட்டையில் சகோதரர்கள் பொய் இரத்தம் தடவிக்கொண்டு வந்து ஓநாய் தின்றுவிட்டதாகத் தந்தையிடம் சொல்கிறார்கள். மகனைத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமல் விட்டதே என்று நபி யஃகூப் (அலை) அவர்கள் கண்டுகொண்டதாக விரிவுரையாளர்கள் எழுதுவர். இரண்டாம் சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் யூஸுஃப் (அலை) குற்றவாளி, பின்புறம் கிழிந்திருந்தால் அப்பெண்ணே பொய்யர் என்று, அவள் குடும்பத்தைச் சேர்ந்த சாட்சி ஒருவரே தீர்ப்புக்கு வழி சொல்கிறார். மூன்றாம் சட்டை தந்தையின் முகத்தில் போடப்பட்டுப் பார்வையைத் திரும்பத் தருகிறது. "தடயம் பொய் பேசும், தடயம் உண்மையும் பேசும். பார்ப்பவனுக்குப் பொறுமையும் தக்வாவும் வேண்டும். இதை 111 வசனங்களில் அல்லாஹ் நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கும்போது, துப்பறிவது என்றாலே பாவம் என்று நான் எப்படிச் சொல்வேன்?" என்றார் ஹஜ்ரத்.

மர்மக் கதை நமக்கு அந்நியச் சரக்கு என்று எண்ணுவோர் உண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாட்டு நாவல்களின் போக்கில் எழுதிக் குவித்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அவர்களுக்கும் முன்பே, 1885-இல், கண்டியில் வழக்கறிஞராக விளங்கிய அறிஞர் சித்திலெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதினார். குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்ட ஒருவனின் கதை அது. தமிழ் நாவலின் தொடக்க நாட்களிலேயே ஒரு முஸ்லிம் அறிஞர் கடத்தலையும் மறைந்த பிறப்பையும் கதைப்பொருளாக எடுத்தார் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரேனும் சொல்லியிருக்கிறோமா?

உருது மொழியில் இப்னே ஸஃபி 1952-இல் 'ஜாஸூஸி துன்யா' வரிசையைத் தொடங்கினார். ஆபாசம் கலந்தால்தான் கதை விற்கும் என்ற பேச்சுக்கு மறுப்பாகவே அவர் துப்பறியும் கதைக்கு வந்தார் என்பர். 1980-இல் மறையும் வரை எல்லையின் இருபுறத்து மக்களும் அவருக்காகக் காத்திருந்தார்கள். நம் ஆசிரியைச் சகோதரியின் குற்றச்சாட்டுக்கு ஒருவாறு விடையளிப்பது இந்த ஒரு வாழ்க்கைதான். அரைகுறை அட்டை இல்லாமலும் மர்மக் கதை வாழும்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் ஆயிரத்தொரு இரவுகளில் வரும் மூன்று ஆப்பிள்களின் கதை. டைக்ரிஸ் ஆற்றில் வலை வீசிய மீனவனுக்கு ஒரு பெட்டி கிடைக்கிறது; உள்ளே ஒரு பெண்ணின் சடலம். கொலைகாரனைக் கண்டுபிடிக்கக் கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் அமைச்சர் ஜஃபருக்கு மூன்று நாள் தவணை தருகிறார். கொன்றவன் அவளுடைய கணவனே. நோயுற்ற மனைவிக்காகத் தான் அரும்பாடுபட்டு வாங்கி வந்த ஆப்பிளை வேறொருவன் கையில் கண்டு, "என் காதலி தந்தது" என்று அவன் பிதற்றியதை நம்பி, விசாரிக்காமல் கொன்றுவிட்டான். உண்மையில் அந்த ஆப்பிள், அவர்களுடைய சிறுவனிடமிருந்து பறிக்கப்பட்டது. கதையின் உண்மையான கொலையாளி சந்தேகம் எனலாம்.

பேய்க் கதைகளின் விவகாரம் வேறு. இந்திரா சௌந்தர்ராஜனின் 'மர்ம தேசம்' தொலைக்காட்சியில் வந்த 1990-களில், மாலை நேரத்தில் எங்கள் தெருவில் பிள்ளைகள் தனியாகக் கொல்லைப்புறம் போக மறுத்தார்கள். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' பேயா, விஞ்ஞானத் தந்திரமா என்ற ஐயத்திலேயே வாசகரை அலைக்கழிக்கும். நம் வீட்டு நன்னிமார்களுக்கோ பேய்க் கதைப் புத்தகம் ஆகாது. ஆனால் மின்சாரம் நின்ற இரவில் ஜின் கதை சொல்லத் தொடங்கினால் எந்த நாவலாசிரியரும் அவர்களுக்கு நிகராக மாட்டார்.

ஜின்கள் உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆனால் பேய்க் கதைகளின் அடித்தளம் ஜின் அன்று. கொலையுண்டவரின் ஆவி அலைகிறது, பழி வாங்கும் வரை அடங்காது என்பதே அவற்றுள் பெரும்பாலானவற்றின் கரு. இக்கருவை அறியாமைக் கால அரபிகளும் அறிந்திருந்தார்கள். கொல்லப்பட்டவனின் தலையிலிருந்து 'ஹாமா' என்னும் பறவை புறப்பட்டு, அவனுக்காகப் பழி தீர்க்கும் வரை தாகத்தால் அலறிக்கொண்டே இருக்கும் என்று நம்பினார்கள். ஹாமா என்பது இல்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துரைத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இதை வெறும் மூடநம்பிக்கை ஒழிப்பாக மட்டும் நாம் படித்துவிடுகிறோம். ஹஜ்ரத் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். அந்தப் பறவையின் அலறலைச் சாக்காக வைத்துத்தான் கோத்திரங்கள் தலைமுறை தலைமுறையாகப் பழிக்குப் பழி வாங்கின. பறவை இல்லையென்று ஆனபின், பழி வாங்கும் உரிமை ஆவியிடமிருந்தும் கோத்திரத்திடமிருந்தும் நீங்கி, சாட்சியம் கேட்கும் நீதிபதியிடம் வந்து சேர்ந்தது. பேய்க் கதையைப் படிக்கும் பிள்ளையிடம், "பயப்படாதே" என்று சொல்வதைவிட, "செத்தவருக்கு நியாயம் வாங்கித் தர வேண்டியது யார், பேயா, மனிதரா?" என்று கேட்பது நல்லதென்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நான் கேட்ட கருத்துகளுள் என்னை அதிகம் உறுத்தியது என் தங்கை மகளுடையது. ஆவடியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது அவள் பழைய நாவல்களை வரிசையாகப் படித்து வந்தாள். ஒருநாள், "மாமா, கடத்தல்காரன் என்றாலும் வெடிகுண்டு வைப்பவன் என்றாலும் ஏன் நம் பெயராகவே இருக்கிறது? எல்லாக் கதையிலும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் வந்தவுடனேயே இவன்தான் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு படிக்க என்ன இருக்கிறது?" என்றாள்.

ஒரு வாசகி என்ற முறையில் அவள் சொன்னது, கதைக்கலையின் குற்றத்தையும் சமுதாயத்தின் குற்றத்தையும் ஒருங்கே சுட்டுவது. துப்பறியும் கதையின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். சாட்சியம் கிடைக்கும் வரை எவரும் குற்றவாளியல்லர். வேலைக்காரனும் முதலாளியும், ஏழை அண்டைவீட்டாரும் சொந்தத் தம்பியும் ஒரே தராசில் நிற்க வேண்டும். பெயரைக் கொண்டே குற்றவாளியைக் காட்டிவிடும் கதை, துப்பறியும் கதையே அன்று. அதை எழுதியவர் வாசகருக்கு மட்டுமின்றித் தம் கலைக்கும் துரோகம் செய்தவர். அக்கதையைப் படித்துவிட்டு வாடகைக்கு வீடு கேட்டு வருபவரின் பெயரைக் கேட்கும் வீட்டுக்காரரை எண்ணிப் பார்த்தால், இது வெறும் இலக்கியக் குற்றமாக நிற்பதில்லை என்பதும் விளங்கும்.

பூந்தமல்லிக்காரர்களுக்கு இந்தச் சட்டம் ஏட்டில் மட்டும் கண்டதன்று. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கு, பூந்தமல்லித் தனி நீதிமன்றத்தில்தான் விசாரிக்கப்பட்டது. 1998 ஜனவரி 28 அன்று, குற்றம் சாட்டப்பட்டு நின்ற 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வருக்கு மரண தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அந்த ஏழு பேரும் 2022-இல் விடுதலையாயினர். அந்த வழக்கைப் பற்றி அவரவருக்கு அவரவர் கருத்து உண்டு. அதற்குள் நான் நுழையவில்லை. எண்களை மட்டும் பாருங்கள். ஒரு நீதிமன்றம் தூக்குக்கு உரியவர் என்று கண்ட 26 பேருள் 19 பேரை மேல்நீதிமன்றம் அவ்வாறு காணவில்லை. குஜராத்தில் 2002-இல் நடந்த அக்ஷர்தாம் ஆலயத் தாக்குதல் வழக்கிலும், மரண தண்டனை பெற்றிருந்த மூவர் உட்பட ஆறு பேரை 2014 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் விடுவித்தது. நாவலில் துப்பறிவாளர் கடைசிப் பக்கத்தில் தவறுவதேயில்லை. உலகில் தவறுகிறார்கள். சந்தேகம் எழுமிடத்தில் தண்டனையைத் தவிர்க்க வேண்டும் என்பது நம் ஃபிக்ஹு கலையின் பிரசித்தமான விதியாக இருப்பதன் காரணம் இதுவே.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12-ஆம் வசனம் சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகச் சொல்கிறது. பிறரைத் துருவித் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. அந்தத் துருவலுக்கு அரபியில் 'தஜஸ்ஸுஸ்' என்று பெயர். 'ஜாஸூஸ்' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். அப்படியானால் துப்பறிவாளனைக் கொண்டாடுவது எப்படிப் பொருந்தும்?

அதே அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தையும் சேர்த்துப் படித்தால் தெளிவு பிறக்கிறது. தீயவன் ஒருவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால், அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிடாதபடி அதைத் தீர விசாரியுங்கள் என்பது அதன் கருத்து. ஆக, ஒரே அத்தியாயம் விசாரிக்கவும் சொல்கிறது. துருவாதே என்றும் சொல்கிறது. பிறர் மானத்தைக் காப்பதற்காகச் செய்வது விசாரணை. பிறர் மானத்தைத் திறந்து பார்ப்பதற்காகச் செய்வது துருவல். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவு நகர்வலத்தில் ஒரு வீட்டில் சந்தேகங்கொண்டு சுவரேறிக் குதித்து, மது அருந்திக்கொண்டிருந்தவனைப் பிடித்ததாகப் பிரசித்தமான ஓர் அறிவிப்பு உண்டு. அவன், "நான் செய்தது ஒரு தவறு, தாங்கள் செய்தவை மூன்று. துருவினீர்கள், வாசல் வழியே வரவில்லை, ஸலாம் சொல்லி அனுமதி பெறவில்லை" என்றானாம். நீதிக்குப் பெயர்பெற்ற அக்கலீஃபா அவனை மன்னித்துத் திரும்பினார்கள். நம் மர்ம நாவல்களில் எத்தனை கதாநாயகர்கள் சுவரேறிக் குதிக்கிறார்கள்! அவர்களுள் ஒருவரையேனும் எவரேனும் இவ்வாறு கேட்டதுண்டா?

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. சில ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூரில் எங்கள் உறவில் ஒரு திருமண வீட்டில் நான்கு பவுன் சங்கிலி ஒன்று காணாமற்போயிற்று. பெண்கள் கூடிய அறையில் முதலில் அமைதி நிலவியது. பிறகு ஒவ்வொருவர் பார்வையாகப் பாத்திரம் துலக்க வந்திருந்த அம்மாளின் பக்கம் திரும்பியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. "அவள் பையைப் பார்த்தால் என்ன?" என்று ஒருவர் மட்டும் முணுமுணுத்தார். அப்போது என் தங்கை மகள் எழுந்து, "சங்கிலியைக் கடைசியாகப் பார்த்தது யார்? எத்தனை மணிக்கு? அதற்குப் பிறகு இந்த அறைக்குள் வந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டாள். எண்ணிப் பார்த்ததில் நாற்பது பேருக்கு மேல் ஆயிற்று. "அப்படியானால் நாற்பது பையையும் பார்க்க வேண்டும். முதலில் என் பையைப் பாருங்கள்" என்று தன் பையை நடுக்கூடத்தில் வைத்தாள். அதன்பின் எவர் பையும் திறக்கப்படவில்லை.

சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. இது நாவலாக இருந்தால் அந்த அம்மாள் குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் கடைசி அத்தியாயம் ஒன்று இருந்திருக்கும். அப்படி ஒன்றும் நிகழவில்லை. நிரூபணம் இல்லாமலேயே அவரை நம்புவதென்று அக்குடும்பம் முடிவு செய்தது. அடுத்த ஆண்டு அதே வீட்டில் நடந்த அகீகாவுக்கும் அவரே வந்து பாத்திரம் துலக்கினார். இச்செய்தியை ஆவடிப் பெரியவரிடம் சொன்னபோது, நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "இப்படி முடியும் கதையை யாரும் எழுதியதில்லையே!" என்றார்.

எனவே பெற்றோர்க்கு என் விண்ணப்பம் இதுதான். இன்று நாவல் ரயில் நிலையக் கடையில் மட்டும் இல்லை. பிள்ளையின் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. பூட்டி வைக்க முடியாததைத் தடை செய்வதில் பயனில்லை. பெண்ணை இழிவுபடுத்துவதை, ஆபாசத்தை, ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை ஒதுக்குங்கள்; ஒதுக்குவதற்கான காரணத்தையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். எஞ்சியதைப் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். பாதிக் கதையில் நிறுத்தி, "யார்மேல் உனக்குச் சந்தேகம்?" என்று கேளுங்கள். அதற்கு விடை வந்தவுடன், "எதைக் கண்டு?" என்று இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். முதற்கேள்விக்கு எவரும் விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு விடை தேடிப் பழகிய பிள்ளை, நாளை ஒரு கூட்டம் முழுவதும் ஒருவரை நோக்கி விரல் நீட்டும்போது தன் விரலை மடக்கி வைத்துக்கொள்ளும். அத்தகைய பிள்ளைகள் நம் வீடுகளில் பெருக வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!